கருப்பு அடி போட்ட அறுபது கூடை

வயர் கூடை பின்னுறவளுக்கு விரல் நுனியில தோல் தங்காது, அதை விக்கப் போறவளுக்கு முகத்துத் தோல் தடிப்பா இருக்கணும். ரெண்டையும் ஒருத்தியே செய்யணும்னா அது நானும் நீங்களும்தான்.

வீட்டுல உக்காந்து பாசிமணி, மெழுகுவர்த்தி, துணிப்பைன்னு எதையாவது கையால செஞ்சுட்டு, அதை யார் தலையில கட்டுறதுன்னு முழிக்கிற அத்தனை அக்கா தங்கச்சிகளுக்கும் வணக்கம். என் கதையைக் கேட்டா உங்க கதை கொஞ்சம் லேசாத் தெரியும்.

எங்க வீட்டுக்காரர் மண்டபம் கடற்கரையில விசைப்படகுக்குப் போறவர். வருஷா வருஷம் மீன் பெருகுற காலம்னு ரெண்டு மாசம் தடை விழும். படகு கரையில நிக்கும், அவர் வீட்டுல நிப்பார். இந்தத் தடவை தடை ஆரம்பிச்ச வாரமே பஹ்ரைன்ல இருக்கிற எங்க அக்கா வீட்டுக்காரர் போன் பண்ணிட்டார். அங்க மீன்பிடிப் படகுக்கு ஆள் எடுக்கிறாங்களாம். தடைக்காலம் முடியறதுக்குள்ள முடிவைச் சொல்லணுமாம். போனா ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் லீவு. எங்க மக தர்ஷினிக்கு இப்பத்தான் நாலு வயசு. நான் யோசிக்காம வாயை விட்டுட்டேன்: "இந்த ரெண்டு மாசமும் என் கூடையை வச்சு வீட்டை ஓட்டிக் காட்டுறேன். ஓட்டிட்டா நீங்க போகக் கூடாது." அவர் சரின்னு தலையாட்டிட்டுத் தூங்கிட்டார். நான்தான் எந்திரிச்சுப் போய் வயரை அளந்து வெட்ட ஆரம்பிச்சேன்.

சொந்தக்காரங்க ஆதரவு

முதல் வாரம் சிவன் கண் பின்னல் போட்ட கூடை நாலு, நெல்லிக்காய்ப் பின்னல் போட்டது மூணு பின்னி வாசல்ல கயிறு கட்டித் தொங்கவிட்டேன். தெருவே வந்து பாத்துச்சு. எல்லாரும் தூக்கிப் பாத்தாங்க, ஆட்டிப் பாத்தாங்க, "நல்லாத்தான் இருக்கு"ன்னு திரும்பத் தொங்கவிட்டுட்டுப் போனாங்க. எங்க வீட்டுக்காரரோட அத்தை பஞ்சவர்ணம் மட்டும்தான் ஒண்ணைக் கழட்டி இடுப்புல வச்சுக்கிட்டாங்க. செவப்பும் வெள்ளையும் போட்ட சிவன் கண்ணு, இருக்கிறதுலயே நல்ல கூடை. போணி ஆயிருச்சுன்னு நினைச்சு உள்ள போயி சில்லறை எடுத்துட்டு வாரதுக்குள்ள அத்தை தெருமுனையில இருந்தாங்க. புதன்கிழமைச் சந்தைக்குப் போய், கத்திரிக்கா, சுரைக்கா எல்லாம் போட்டு நிறைச்சுக்கிட்டு சாயங்காலம் எங்க வாசல் வழியாத்தான் வந்தாங்க.

நானும் எத்தனை நாள்தான் பல்லைக் கடிக்கிறது. ஒரு வாரம் கழிச்சு, "அத்தை, அந்தக் கூடை…"ன்னு மெதுவா இழுத்தேன். அவங்க முகம் சுருங்கிப் போச்சு. ஏதோ நான் அவங்களுக்குக் கடன்பட்டவ மாதிரி என்னைப் பாத்துச் சொன்னாங்க: "உனக்கு விளம்பரத்துக்குத்தான்டி கைவலிக்கத் தூக்கிட்டு அலையுறேன். நாலு பேரு கண்ணுல பட வேணாமா?"

வீடியோ போட்ட நாள்

அத்தையோட விளம்பரம் பத்தாதுன்னு நானே போன்ல வீடியோ எடுத்தேன். தர்ஷினிக்குப் புதுக் கவுன் போட்டு, கையில கூடையைக் குடுத்து, பின்பக்கம் வெளிச்சம் நல்லா இருக்குன்னு அங்கன நிக்க வச்சேன். நான் தொண்டையைச் செருமிக்கிட்டு, "ஒரு வருஷத்துக்குள்ள கைப்பிடி அந்து போச்சுன்னா நானே மாத்தித் தருவேன், ஒரு வருஷ உத்தரவாதம்"னு கம்பெனிக்காரி மாதிரி பேசினேன். நம்பரையும் போட்டு அனுப்பியாச்சு. வாட்ஸப்புல ஒருத்தர் மாத்தி ஒருத்தர் அனுப்பி, மறுநாள் பாத்தா யார் யாரோ பாத்திருக்காங்க.

போன் அடிக்க ஆரம்பிச்சுச்சு. முதல் போன், ராமநாதபுரத்துக்குப் பக்கத்துல இருந்து ஒரு அம்மா. குரலே கல்யாண வீட்டுக் குரல், கணீர்னு இருந்துச்சு. நான் நோட்டையும் பேனாவையும் எடுத்துட்டு உக்காந்துட்டேன். "சொல்லுங்கம்மா, எந்தக் கலர்ல வேணும், பெருசா சின்னதா?"ன்னு மூச்சு விடாமக் கேட்டேன். அந்த அம்மா நிதானமாக் கேட்டாங்க: "கூடை கிடக்கட்டும் தாயி, உன் பிள்ளைக்குப் பின்னாடி பாயில காயுதே நெத்திலி, அது கிலோ என்ன வெல?"

துணி தச்ச கூடை

உள்ளூர்ல ஓடலைன்னா ராமேஸ்வரம் இருக்கேன்னு கிளம்பினேன். தினமும் எத்தனை பஸ்ஸு, எத்தனை ரயிலு! ஆனா அங்க கடை கடையா வயர் கூடை தொங்குது. நம்மது தனியாத் தெரியணுமேன்னு ஒரு வேலை செஞ்சேன். பத்துக் கூடைக்கும் உள்பக்கம் பூப்போட்ட துணியை அளவா வெட்டித் தச்சு, மேல ஜிப்பும் வச்சேன். மூணு நாள் வேலை. பாக்கக் கூடையாவே இல்லை, ஹேண்ட்பேக் மாதிரி இருந்துச்சு. அக்னி தீர்த்தத்துக்குப் போற வழியில ஒரு ஓரமா பரப்பிக்கிட்டு உக்காந்தேன். எல்லாரும் எடுத்துப் பாக்கிறாங்க, உள்ள கையை விடுறாங்க, வச்சுட்டுப் போயிர்றாங்க. பக்கத்துல தொங்குற சாதாரணக் கூடை மட்டும் ஒண்ணொண்ணாக் குறையுது. மத்தியானம் வரைக்கும் என்னோடது ஒண்ணுகூடப் போகலை.

கடைசியில கோயம்புத்தூர்ப் பக்கத்து அம்மா ஒருத்தங்க வந்தாங்க. இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடிட்டு, பிழியக்கூடத் தெம்பில்லாம வீட்டு ஆளுங்க அத்தனை பேரோட ஈரத்துணியையும் கையில சுருட்டிப் புடிச்சிருந்தாங்க. தண்ணி சொட்டச் சொட்ட என் கூடை ஒண்ணைத் தொறந்து பாத்தாங்க. துணியைத் தொட்டாங்க. என்னைப் பாவமாப் பாத்தாங்க. "ஏங்கண்ணு, ஈரத்துணி வடியட்டும்னுதான் ஓட்டை வெச்ச கூடை வாங்கறது. நீ மெனக்கெட்டு உக்காந்து ஓட்டையெல்லாம் அடைச்சு வெச்சிருக்கறியே!"

வலைக்காரர் கை

அங்கனயே உக்காந்து தையலைப் பிரிச்சதுல ஏழு கூடை வித்துப் போச்சு. மூணை மட்டும் திரும்பத் தூக்கிட்டு வந்தேன். அதைப் பாத்துட்டு எங்க வீட்டுக்காரருக்கு மனசு இளகிருச்சு போல. "நான் வேணா ஒண்ணு பின்னித் தரட்டா?"ன்னார். படகுல கிழிஞ்ச வலையை எல்லாம் அவர்தான் சரி பண்ணுவார். கை வேகமான கை. ஆனா வயரை எடுத்தவர் நூல்வலை முடிச்சுதான் போட்டார். ஒவ்வொரு முடிச்சையும் பல்லால கடிச்சு, காலால மிதிச்சு, கப்பலைக் கட்டுற மாதிரி இழுத்தார். சாயங்காலம் முடிச்சுக் குடுத்ததைத் தூக்கிப் பாத்தா, கூடை கல்லு மாதிரி நிக்குது. ஓட்டை ஒவ்வொண்ணும் வலைக்கண்ணி அளவு அகலம்.

"என்னங்க இது, வெங்காயம் போட்டா வீடு வரைக்கும் கோலம் போட்டுக்கிட்டே வருமே"ன்னேன். சிரிப்பாத்தான் சொன்னேன். ஆனா அவர் கூடையைப் பிடுங்கித் திருப்பித் திருப்பிப் பாத்தார். பதினஞ்சு வருஷத் தொழிலைக் குறை சொல்லிட்ட மாதிரி ரோஷம் வந்துருச்சு. "சங்காயம்னு ஒதுக்குற பொடி மீனு கூட நழுவாத கண்ணி இது. உன் வெங்காயமா நழுவப் போவுது?"

நெத்திலி அம்மா

நெத்திலி கேட்ட அம்மா விடலை. ஒரு நாள் காரையே எடுத்துட்டு வீட்டுக்கு வந்துட்டாங்க. அவங்க பேரு ராஜேஸ்வரி. நிலபுலம் உள்ள வீடு. ஆனா என் போன்ல இன்னைக்கு வரைக்கும் 'நெத்திலி அம்மா'தான். வீடியோவுல காஞ்சது பக்கத்து வீட்டு நெத்திலி, அதுல ரெண்டு கிலோ வாங்கிக் குடுத்தேன். போட்டுக்கிட்டுப் போக ஒரு கூடையையும் குடுத்தேன். அந்தக் கூடையைக் கார்ல வச்சுக்கிட்டே யோசிச்சவங்க, மக கல்யாணத்துக்கு வாரவுகளுக்குத் தாம்பூலம் போட்டுக் குடுக்கச் சின்னக் கூடை நூறு வேணும்னுட்டாங்க. மஞ்சளும் பச்சையும். அஞ்சு வாரம் டைம். முன்பணமும் குடுத்தாங்க. தடைக்காலம் முடிய நாலு நாள் இருக்கிறப்போ கல்யாணம். கணக்குப் போட்டுப் பாத்தேன். இந்த ஒரு ஆர்டர் போதும், பஹ்ரைனுக்குப் பதில் சொல்லிடலாம்.

அன்னைக்கே ராமநாதபுரம் போய் வயர் கட்டு வாங்கிட்டு வந்து பின்ன உக்காந்துட்டேன். ரெண்டே வாரத்துல அறுபது கூடை. சோறு பொங்குறப்பவும் கையில வயர், தர்ஷினிக்குத் தலை சீவுறப்பவும் மடியில வயர். அறுபது முடிஞ்சதும் ஒண்ணை எடுத்துக்கிட்டு அந்த அம்மாகிட்ட காட்டப் போனேன். வாங்கினாங்க, சிரிச்சாங்க, மஞ்சளைத் தடவிப் பாத்தாங்க, தலைகீழாக் கவுத்தாங்க. சிரிப்பு போயிருச்சு. அடி கருப்பு. மண்ணுல வச்சா அழுக்குத் தெரியாதேன்னு சந்தைக்கூடைக்கு எல்லாம் கருப்புலதான் அடி போடுறது வழக்கம். கை பழக்கத்துல அறுபதுக்கும் அப்படியே போட்டிருக்கேன். அந்த அம்மா உள்ள யாருக்கும் கேக்காம, குரலை இறக்கிக் கேட்டாங்க: "கல்யாண வீட்டுக்குக் கருப்புல அடி போட்டுக் கொண்டாந்திருக்கியே, எங்க மேல எதுவும் கோவமா தாயி?"

அடி

இந்தத் தொழில் தெரிஞ்சவங்களுக்குத் தெரியும், தெரியாதவங்களுக்குச் சொல்றேன். வயர் கூடைக்கு முதல்ல போடுறது அடி. அதுல இருந்துதான் சுவரு எழும்பும். கைப்பிடி கடைசி. கைப்பிடி கோணலாப் போனா மாத்திரலாம். அடியை மாத்தணும்னா முழுசையும் பிரிக்கணும், பிரிச்ச வயரும் நெளிஞ்சு போயிரும். ஆக, அறுபதும் போச்சு. கையில மூணு வாரம், பின்ன வேண்டியது நூறு. ஒத்தையா நாளுக்கு நாலுதான் முடியும். பஸ்ல வாரப்போ வாய்விட்டு எண்ணினேன் போல, பக்கத்து சீட்டுக்காரம்மா தள்ளி உக்காந்தாங்க.

வீட்டுக்கு வந்து சொன்னேன். அவர் மூலையில இருந்த கூடையை ஒண்ணொண்ணாக் கவுத்துப் பாத்தார். நான் தோத்துட்டேன்னு அவருக்கே நிம்மதியா இருக்கோன்னு தோணுச்சு. கொஞ்ச நேரம் கழிச்சு மஞ்ச வயரை எடுத்து, "அடி எப்படிப் போடுறது, சொல்லு"ன்னார். அவர் இழுக்கிற இழுப்புக்கு அடிதான் லாயக்குன்னு அன்னைக்குத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு. பலகை மாதிரி நின்னுச்சு. மறுநாளில இருந்து அவர் அடி போடுவார், நான் மேல எழுப்புவேன். அஞ்சாம் நாள் பஹ்ரைன்ல இருந்து மச்சான் வீடியோ கால் போட்டார். எங்க வீட்டுக்காரர் மடியில மஞ்ச வயரு, பல்லுல பச்சை வயரு. மச்சான் பாத்துட்டுச் சொன்னார்: "பெட்டி கட்ட வேண்டிய நேரத்துல பொம்பளை மாதிரி கூடை பின்னிக்கிட்டு உக்காந்திருக்கியே தம்பி, உருப்படுற வழியா இது?"

தொண்டி பஸ்

அந்த வார்த்தைக்கு அப்புறம் ரெண்டு நாள் அவர் வயரைத் தொடலை. மூணாம் நாள் தானா வந்து உக்காந்தார். நான் ஏன்னு கேக்கலை. கேட்டா எந்திரிச்சுருவாரோன்னு பயம்.

இதுக்கு நடுவுல கருப்பு அடி அறுபதும் மூலையில உக்காந்துக்கிட்டு என்னையே பாத்துச்சு. அதை வித்தாத்தான் அடுத்த வயருக்குக் காசு. எங்க பக்கத்துல வித்தா 'கல்யாண வீட்டுல திருப்பிவிட்ட கூடை'ன்னு பேராயிரும். அதனால ரெண்டு மூட்டையாக் கட்டித் தொண்டி பஸ்ல ஏத்தினேன். அங்க யாருக்கும் என்னைத் தெரியாது. மூணு தெரு சுத்தி, நாலாவது தெருவுல ஒரு வீட்டுல கல்யாணக் களை தெரிஞ்சுச்சு. அந்த வீட்டு அக்கா வெளிய கிளம்ப புர்கா போட்டுக்கிட்டு வாசலுக்கு வந்தாங்க. மகளுக்கு நிக்காஹ். மாப்பிள்ளை வீட்டு ஆளுகளுக்குப் பலகாரம் போட்டுக் குடுக்கச் சின்னதா ஏதாவது தேடிக்கிட்டுத்தான் இருந்தாங்களாம். எனக்கு ஒரு தடவை பட்டது போதும். அவங்க கேக்கிறதுக்கு முன்னாடியே கூடையைக் கவுத்துக் காட்டி, "அக்கா, அடி கருப்பு. பின்னாடி குறை சொல்லிறாதீக"ன்னேன். அவங்க தன்னோட புர்காவைக் குனிஞ்சு பாத்துக்கிட்டு, "கருப்புக்குப் பயந்தா நான் எப்படிம்மா தெருவுல நடக்கிறது?"ன்னு சிரிச்சாங்க. நாப்பது கூடை எடுத்துக்கிட்டாங்க.

உள்ள கூப்பிட்டுத் தண்ணி குடுத்தாங்க. சுவத்துல அவங்க வீட்டுக்காரர் போட்டோ. சவூதியில இருக்காராம், மக பிறந்த வருஷம் போனவராம். வாய் சும்மா இருக்காம, "நிக்காஹுக்குப் பொண்ணோட வாப்பா வந்துருவாகல்ல?"ன்னு கேட்டுட்டேன். அக்கா கூடையை ஒண்ணுக்குள்ள ஒண்ணா அடுக்கிக்கிட்டே, என்னைப் பாக்காமச் சொன்னாங்க: "லீவு கிடைக்கலம்மா. வீடியோவுல பாத்துக்கிடுவாக. இன்ஷா அல்லாஹ், அன்னைக்குக் கரண்டு போகாம இருந்தாப் போதும்."

மூணு தேங்காய்

நூறு கூடையும் முடிஞ்சது கல்யாணத்துக்கு முந்துன நாள் காலையில. மூட்டை பெருசுன்னு அவரும் கூட வந்தார். நெத்திலி அம்மா கல்யாண மண்டபத்துல ஒரு பெஞ்சைப் போட்டு உக்காந்து, நூறையும் கவுத்துக் கவுத்துப் பாத்தாங்க. நான் சாமிக்கு நேர்ந்துக்கிட்டே நின்னேன். எங்க தப்பிச்சு ஒரு கருப்பு வயரு ஓடியிருக்குமோன்னு நாப்பதாவது கூடையில இருந்து எனக்கே கண்ணு கட்டுச்சு. நூறும் மஞ்ச அடி. அப்பவும் விடலை. ஒரு கூடையில தேங்காய் போட்டாங்க. ரெண்டு போட்டாங்க. மூணு போட்டுத் தூக்கி ஆட்டினாங்க. ஒண்ணும் அசையலை.

"இந்த அடி உன் கை இல்லையே, யாரு போட்டது?"ன்னாங்க. நான் அவரைப் பாத்தேன். அவர் தரையைப் பாத்தார். மச்சான் சொன்ன 'பொம்பளை மாதிரி' இன்னும் அவர் காதுலதான் இருக்குன்னு எனக்குத் தெரியும். இந்த அம்மாவும் எதையாவது சொல்லிட்டா, அடுத்த வாரம் ஏர்போர்ட்டுதான். "நாந்தாம்மா"ன்னு அவர் முணுமுணுத்தார். அந்த அம்மா கூடையைக் கீழ வச்சுட்டு, அவர் கையைப் பாத்துச் சொன்னாங்க: "ஆவணியில எங்க தங்கச்சி வீட்டு விசேஷத்துக்கு எண்பது வேணும்யா. அதுக்கும் இந்தக் கைதான் அடி போடணும், இல்லைன்னா எனக்கு வேணாம்."

தடை முடிஞ்ச அன்னைக்கு

வீடு திரும்புற வரைக்கும் அவர் பஹ்ரைன் பேச்சை எடுக்கலை. அடுத்த நாலு நாளும் எடுக்கலை. அஞ்சாம் நாள், தடை முடியுற அன்னைக்கு, பரண்ல இருந்து பெரிய பையை இறக்கித் தூசி தட்டினார். நான் அடுப்படியில நின்னுக்கிட்டு எட்டிப் பாத்தேன். கைலி ரெண்டு, துண்டு ஒண்ணு, சட்டை. பஹ்ரைனுக்கும் கைலிதான், கடலுக்கும் கைலிதான், எதுக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? பாஸ்போர்ட்டை எடுத்தார். நான் கரண்டியோட அடுப்படி வாசல் வரைக்கும் வந்துட்டேன். அதைப் புரட்டிப் பாத்துட்டுத் திரும்பப் பீரோவுல வச்சார். பையில தர்ஷினி வந்து, மிச்சம் கிடந்த கருப்பு அடிக் கூடையில ஒண்ணைப் போட்டா. அவர் அதை எடுக்கலை. படகுக்கு அந்தக் கூடையிலதான் சோத்துச் சட்டி போகுது இப்ப.

அந்த நேரம் பாத்து மச்சான் போன். ஸ்பீக்கர்ல போட்டுட்டுச் சட்டைக்குப் பொத்தான் போட்டுக்கிட்டே பேசினார். ஒரு வார்த்தை விடக் கூடாதுன்னு நான் அடுப்பை அணைச்சேன். "அண்ணே, இந்தத் தடவை வேணாம். ஆவணிக்கு எண்பது கூடை இருக்கு. நான் இல்லைன்னா இவ கருப்புல அடி போட்டுருவா. அடுத்த தடைக்காலம் வரட்டும், அப்பப் பாப்போம்."

ஆக, வாங்குறவங்களுக்கு எல்லாம் கூடைக்கு ஒரு வருஷம் உத்தரவாதம் குடுக்கிற எனக்கு, வீட்டுக்காரர் விஷயத்துல கிடைச்சிருக்கிறது பத்து மாச உத்தரவாதம்தான்.